சுரங்கத்தின் அடியில் முந்திய கடிகாரம்

1620-இல் வெளிவந்த 'நோவம் ஆர்கனம்' என்ற நூலில் பிரான்சிஸ் பேகன் ஒரு சோதனைக்கு யோசனை சொல்லிவைத்தார். இரண்டு கடிகாரங்கள் வேண்டும். ஒன்று ஈயக் குண்டின் எடையால் ஓடுவது. மற்றது சுருள்வில்லால் ஓடுவது. இரண்டையும் ஒரே வேகத்துக்குத் திருத்திக்கொண்டு, முதலில் ஒரு தேவாலயத்தின் உச்சிக்கும் பிறகு ஓர் ஆழமான சுரங்கத்துக்கும் எடுத்துப்போக வேண்டும். வில்லுக்கு எந்த இடமும் ஒன்றுதான். குண்டின் எடையோ பூமி இழுக்கிற இழுப்பைப் பொறுத்தது. எடைக் கடிகாரம் முந்துகிறதா பிந்துகிறதா என்று பார்த்தால், இழுப்பு எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்பது தெரிந்துவிடும். நல்ல யோசனைதான். ஆனால் ஊசல் கடிகாரம் பிறக்காத அந்தக் காலத்தில், ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் தவறாத கடிகாரம் கிடைப்பதே அரிது.

அதே நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் வேறு வழியில் முயன்றார். லண்டனுக்குத் தெற்கே பேன்ஸ்டெட் டவுன்ஸ் என்ற இடத்தில் சுமார் 300 அடி ஆழக் கிணறுகள் இருந்தன. கிணற்றின் வாயில் தராசு. அதன் ஒரு தட்டிலிருந்து நீண்ட நூல். நூலின் முனையில் ஒரு பொருள். முதலில் மேலே வைத்து எடை பார்த்தார். பிறகு கிணற்றுக்குள் இறக்கிவிட்டு எடை பார்த்தார். வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. தெரியாததில் ஆச்சரியமும் இல்லை. அந்த ஆழத்தில் அரைக் கிலோ பொருளின் எடை மாறக்கூடியது நான்கைந்து மில்லிகிராம் மட்டும். அதைக் காட்டும் தராசு அன்று இல்லை.

மாற்றம் எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்பதைக் கணக்கால் முதலில் சொன்னவர் நியூட்டன். 1687-இல் வந்த 'பிரின்சிபியா'வில் அழகான ஒரு நிரூபணம் இருக்கிறது. உள்ளே வெற்றிடமாக உள்ள ஓர் உருண்டை ஓட்டை எடுத்துக்கொள்வோம். அந்த ஓட்டுக்குள் எங்கே நின்றாலும் ஓடு நம்மை எந்தப் பக்கமும் இழுக்காது. ஒரு பக்கச் சுவர் அருகில் இருக்கலாம், ஆனால் அந்தப் பக்கம் உள்ள பொருள் குறைவு. எதிர்ப்பக்கச் சுவர் தொலைவில் இருக்கலாம், ஆனால் அங்கே பொருள் அதிகம். இரண்டு இழுப்பும் இம்மி பிசகாமல் ஒன்றையொன்று அழித்துவிடும். பூமியை வெங்காயம்போல் ஓட்டின்மேல் ஓடாக அடுக்கிய உருண்டை என்று கொண்டால், உள்ளே இறங்குகிறவரின் தலைக்கு மேலே போய்விட்ட ஓடுகள் அத்தனையும் கணக்கிலிருந்து விலகிவிடுகின்றன. காலுக்குக் கீழே மிச்சமிருக்கும் உருண்டை மட்டுமே இழுக்கும்.

இதிலிருந்து பாடநூல் சமன்பாடு ஒரே எட்டில் வந்துவிடும். பூமி முழுக்க ஒரே அடர்த்தி என்று வைத்துக்கொண்டால், மையத்திலிருந்து இருக்கும் தூரத்தின் விகிதத்தில் ஈர்ப்பு நேர்கோடாகக் குறைந்து, மையத்தில் பூஜ்யமாகும். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் 'ஆழத்தைப் பொறுத்து புவியீர்ப்பு முடுக்கம்' என்ற தலைப்பில் மாணவர்கள் எழுதுவது இதைத்தான். நுழைவுத் தேர்வில் எடை பாதியாவது எந்த ஆழத்தில் என்று கேட்பார்கள். ஆரத்தில் பாதி என்று எழுதினால் மதிப்பெண் உண்டு. கணக்கில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் நாம் வாழும் பூமி அந்தக் கணக்கில் வரும் பூமி அல்ல. நிஜப் பூமியில் சுரங்கத்துக்குள் இறங்கினால் எடை கூடுகிறது. அதுவும் கொஞ்ச தூரத்துக்கு மட்டுமல்ல. ஈர்ப்பு தன் உச்சத்தைத் தொடுவது தரையில் அல்ல, 2,900 கிலோமீட்டர் ஆழத்தில்.

ஏன் என்பதை ஒரு கிலோமீட்டர் இறங்கிப் பார்த்தே புரிந்துகொள்ளலாம். அங்கே இரண்டு காரியங்கள் ஒரே சமயத்தில் நடக்கின்றன. பூமியின் மையத்துக்கு ஒரு கிலோமீட்டர் நெருங்கிவிடுகிறோம். நெருங்கினால் இழுப்பு கூடும். இந்த வகையில் வரவு பத்து லட்சத்தில் 314 பங்கு. அதே நேரம், ஒரு கிலோமீட்டர் தடிமனுள்ள ஓடு தலைக்கு மேலே போய், இழுக்கும் வேலையை விட்டுவிடுகிறது. இது செலவு. எவ்வளவு செலவு என்பது அந்த ஓட்டின் அடர்த்தியைப் பொறுத்தது. பூமியின் சராசரி அடர்த்தி தண்ணீரைப்போல் ஐந்தரை மடங்கு. மேலோட்டுப் பாறைக்கும் அதே அடர்த்தி என்றால் செலவு 471 பங்கு. வரவைக் கழித்தால் 157 பங்கு நட்டம். பாடநூல் சொல்லும் குறைவு இதுதான்.

ஆனால் நாம் மிதிக்கிற கிரானைட்டும் நைஸும் தண்ணீரைப்போல் 2.7 மடங்குதான் கனம், அதாவது சராசரியில் பாதிகூட இல்லை. ஆகவே செலவும் பாதிக்குக் கீழே இறங்கி 228 பங்காகிவிடுகிறது. 314-இல் 228 போனால் 86 பங்கு லாபம். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பத்து லட்சத்தில் 86 பங்கு வீதம் எடை ஏறுகிறது.

இதைப் பொது விதியாகவும் சொல்லலாம். ஓரிடத்துப் பாறையின் அடர்த்தி, அதற்குக் கீழே உள்ள உருண்டை முழுவதன் சராசரி அடர்த்தியில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறைவாக இருந்தால், அங்கே இறங்க இறங்க ஈர்ப்பு கூடும். அதிகமாக இருந்தால் குறையும். தரைமட்டத்தில் அந்த எல்லை ஏறக்குறைய 3.7. மேலோட்டுப் பாறைகள் பெரும்பாலும் 3-ஐத் தாண்டுவதில்லை. இந்த மூன்றில் இரண்டு பங்கு விதியைக் கையில் வைத்துக்கொண்டால் பூமியின் மையம் வரை வழி தெரியும்.

பேகன் சொன்ன சோதனையை உருப்படியாகச் செய்து முடிக்க இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. செய்தவர் ஜார்ஜ் பிடல் ஏய்ரி. 1826-இல் அவருக்கு வயது இருபத்தைந்துகூட ஆகவில்லை. நண்பர் வில்லியம் ஹூவெலுடன் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள கார்ன்வாலுக்குப் போனார். அங்கே டோல்கோத் என்ற செம்புச் சுரங்கம். மேலே ஓர் ஊசல், அடியில் ஓர் ஊசல். இரண்டின் ஆட்ட நேரத்தையும் ஒப்பிட வேண்டும். ஈர்ப்பு கூடினால் ஊசல் விரைவாக ஆடும். ஏய்ரிக்கு வெறுமனே எடை கூடுகிறதா என்பதில் மட்டும் அக்கறை இல்லை. லாபம் எவ்வளவு என்று அளந்து, சுரங்கப் பாறையின் அடர்த்தியையும் தெரிந்துகொண்டால், மேலே போட்ட வரவு செலவைத் திருப்பிப் போட்டுப் பூமி முழுவதன் சராசரி அடர்த்தியைக் கண்டுபிடித்துவிடலாம். அதாவது ஊசலை வைத்துக்கொண்டு பூமியை எடை போடப் போனார்.

சோதனை நடுவழியில் நின்றது. அடியில் இருந்த கருவிகளை மேலே இழுத்துக்கொண்டிருந்தபோது, அவற்றைச் சுற்றியிருந்த வைக்கோல் தீப்பற்றிக் கயிறு எரிந்து, கருவிகள் சுரங்கத்துக்குள் விழுந்தன. 1828-இல் இருவரும் மறுபடியும் அதே சுரங்கத்துக்குப் போனார்கள். இந்த முறை பாறை சரிந்து, நீர் இறைக்கும் ஏற்பாடு கெட்டு, அடிப்பகுதியில் வெள்ளம் ஏறிவிட்டது. ஏய்ரி அந்த எண்ணத்தை மூட்டைகட்டி வைத்தார், இருபத்தாறு ஆண்டுகள்.

1854-க்குள் அவர் கிரீனிச் ஆய்வகத்தின் தலைமை வானியலாளர். தந்தி வந்துவிட்டது, அது அவருடைய பெரிய தொல்லையைத் தீர்த்தது. மேலே ஓடும் கடிகாரத்தையும் கீழே ஓடும் கடிகாரத்தையும் ஒரே கணத்தில் ஒப்பிடுவது எப்படி என்பதே முன்பு சிக்கல். இப்போது சுரங்கத்துக்குள் கம்பி போட்டு, ஒரே மின் துடிப்பை இரண்டு இடத்துக்கும் அனுப்பலாம். இடம், வட இங்கிலாந்தில் சவுத் ஷீல்ட்ஸ் ஊரை ஒட்டிய ஹார்ட்டன் நிலக்கரிச் சுரங்கம். ஆழம் 1,256 அடி, அதாவது 383 மீட்டர். கிரீனிச்சின் எட்வின் டன்கின் மேற்பார்வையில் பல ஆய்வகங்களிலிருந்து வந்த உதவியாளர்கள் இரவும் பகலும் முறை வைத்து ஊசல்களைக் கவனித்தார்கள். கருவியின் கோளாறு முடிவில் கலந்துவிடக் கூடாது என்பதற்காக மேலிருந்த ஊசலைக் கீழும், கீழிருந்ததை மேலுமாக மாற்றி வைத்தும் அளந்தார்கள். வெப்பத்தில் ஊசல் தண்டு நீளும். அடியில் காற்று கனத்து ஊசலைத் தூக்கிப் பிடிக்கும். இவற்றுக்கெல்லாம் திருத்தம் போட்டார்கள்.

முடிவு: சுரங்கத்தின் அடியில் ஈர்ப்பு 19,286-இல் ஒரு பங்கு கூடுதல். மேலே சரியாக ஓடும் ஊசல் கடிகாரம் கீழே ஒரு நாளைக்கு 2.24 வினாடி முந்தும்.

திசை சரி. அளவு சரியல்ல. இதை வைத்து ஏய்ரி கண்ட சராசரி அடர்த்தி 6.57. ஐம்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்பே, 1798-இல், ஹென்றி கேவண்டிஷ் தன் வீட்டுத் தோட்டக் கொட்டகையில் ஈயக் குண்டுகளை வைத்துக்கொண்டு 5.48 என்று கண்டிருந்தார். இன்றைய மதிப்பு 5.51. அதற்கும் முன்னால், எந்த அளவீடும் இல்லாமல், தண்ணீரைப்போல் ஐந்தாறு மடங்கு இருக்கலாம் என்று நியூட்டன் ஊகித்து எழுதியிருந்தார். ஹார்ட்டன் சுரங்கத்தில் கடிகாரம் முந்தியிருக்க வேண்டியது ஏறக்குறைய 1.7 வினாடி. அரை வினாடிச் சொச்சப் பிழை பூமியை ஐந்தில் ஒரு பங்கு கனமாக்கிவிட்டது. 1880-களில் ராபர்ட் ஃபான் ஸ்டெர்னெக் பொஹீமியாவில் பிரிப்ராம் வெள்ளிச் சுரங்கத்தில், ஆயிரம் மீட்டர் ஆழம் வரை, இதையே செய்து பார்த்தார். அவருக்கும் அடர்த்தி நிலையாக நிற்கவில்லை. சுற்றுவட்டாரப் பாறையின் அடர்த்தி துல்லியமாகத் தெரியாதவரை சுரங்கம் பூமிக்கு நல்ல தராசு ஆகாது. சுரங்கம் தோண்டப்படுவதே பாறை ஒரே மாதிரி இல்லாத இடங்களில்தானே! ஆனாலும் ஹார்ட்டன் வீண் போகவில்லை. மேலோடு லேசு, உள்ளே கனம் என்பதை ஒரு கடிகாரம் முந்துவதைக் கொண்டே காட்டிய முதல் சோதனைகளில் அது ஒன்று. மறு ஆண்டே, 1855-இல், இமயமலை ஏன் எதிர்பார்த்த அளவுக்குத் தூக்குக்குண்டை இழுக்கவில்லை என்ற இந்திய நில அளவைத் துறையின் புதிருக்கு ஏய்ரி விடை எழுதினார்: மலைகளுக்கு அடியில் கனமான பொருளைத் துளைத்துக்கொண்டு லேசான வேர்கள் இறங்கியிருக்கின்றன என்று.

வட ஆர்க்காடு, சேலம் பக்கத்துக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வேலை பார்த்த கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3.2 கிலோமீட்டர் ஆழத்துக்குப் போனது. 2001-இல் மூடப்படும்வரை உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று அது. அதன் அடித்தளத்தில் நின்ற 60 கிலோ எடையுள்ள ஒரு தொழிலாளியைப் பூமி இழுத்த இழுப்பு, தரையில் இழுத்ததைவிடப் பத்திலிருந்து பதினைந்து கிராம் வரை அதிகம். தராசில் ஏறி நின்றாலும் அது தெரிந்திருக்காது. அந்த ஆழத்தில் காற்று அடர்ந்திருக்கும்; அது உடலை மேலே தூக்கும் விசையும் அதே அளவில் கூடி, கூடுதல் எடையை விழுங்கிவிடும். இறங்கினால் உடல் கனக்கிறது என்று எந்தச் சுரங்கத் தொழிலாளியும் முறையிடாததற்குக் காரணம் உண்டு.

கடலில் லாபம் இன்னும் அதிகம். கடல்நீரின் அடர்த்தி 1.03 மட்டும் என்பதால் செலவுக் கணக்கு கிலோமீட்டருக்கு 88 பங்கோடு முடிகிறது; வரவோ அதே 314. பாறைக்குள் இறங்குவதைவிட இரண்டரை மடங்கு வேகத்தில் ஈர்ப்பு ஏறும். சென்னையின் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோவதற்காக உருவாக்கிவரும் மத்ஸ்யா 6000 அந்த ஆழத்தைத் தொட்டால், உள்ளே உட்கார்ந்திருக்கும் 60 கிலோ ஆளின் எடையில் 80 கிராம் கூடியிருக்கும். மரியானா அகழியின் அடியில் கூடுதல் நானூறில் ஒரு பங்கு. ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எண்: சென்னையிலிருந்து லண்டனுக்குப் போனால், பூமியின் சுழற்சியாலும் தட்டையான வடிவத்தாலும், எடை முந்நூற்று முப்பதில் ஒரு பங்கு கூடுகிறது. விமானப் பயணம் தருவதைப் பாறைக்குள் இறங்கிச் சம்பாதிக்க வேண்டுமானால் 35 கிலோமீட்டர் துளைக்க வேண்டும். மனிதர் துளைத்ததிலேயே ஆழமான துளை, ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் 1989-இல் எட்டிய 12,262 மீட்டர்.

இத்தனை சின்ன மாற்றத்தை வைத்துக்கொண்டு 1980-களில் இயற்பியல் உலகமே ஓர் ஆட்டம் கண்டது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் மவுண்ட் ஐசா என்ற சுரங்க நகரம். அங்குள்ள ஹில்டன் சுரங்கத்தில் ஃபிராங்க் ஸ்டேசியும் கேரி டக்கும் ஈர்ப்புமானியை ஆழம் ஆழமாக இறக்கி அளந்தார்கள். ஏய்ரியின் கணக்கைத் தலைகீழாக்கியதுதான் அவர்கள் வேலை. பாறையின் அடர்த்தியும் தெரியும், ஈர்ப்பு மாற்றமும் தெரியும்; அப்படியானால் நியூட்டனின் ஈர்ப்பு மாறிலி என்ன? வந்த விடை, ஆய்வகத்தில் கண்ட மதிப்பைவிட ஒரு விழுக்காட்டுக்குச் சற்றே குறைந்த அளவுக்குக் கூடுதல். சில நூறு மீட்டர் தூரத்தில் நியூட்டனின் விதி பிசகுகிறதா என்ற சந்தேகம் எழுந்தது. 1986 ஜனவரியில் எஃப்ரைம் ஃபிஷ்பாக்கும் தோழர்களும் பழைய ஹங்கேரியச் சோதனை ஒன்றின் எண்களை மறுபடி அலசி, 'ஐந்தாவது விசை' ஒன்று இருக்கலாம் என்று எழுதினார்கள். சுரங்கத்தில் கண்ட பிசகும் அந்தச் சித்திரத்தில் பொருந்துவதுபோலத் தோன்றியது. நாளிதழ்களின் முதல் பக்கத்தில் செய்தி வந்தது.

பிறகு ஆளாளுக்குத் துளையையும் கோபுரத்தையும் தேடிப் புறப்பட்டார்கள். பாறைதான் தொல்லை, எனவே ஒரே மாதிரியான பொருள் வேண்டும். 1987-இல் ஓர் அமெரிக்கக் குழு கிரீன்லாந்துப் பனிப்பாளத்துக்குப் போனது. டை-3 என்ற இடத்தில் ஏற்கெனவே பனியைத் துளைத்துப் போட்டிருந்த இரண்டு கிலோமீட்டர் ஆழத் துளைக்குள் ஈர்ப்புமானியை இறக்கினார்கள். அங்கேயும் எதிர்பாராத கூடுதல் மாற்றம் தென்பட்டது. ஆனால் பனிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் பாறையின் மேடுபள்ளமே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று அவர்களே எழுதினார்கள். வட கரோலினாவில் 600 மீட்டர் தொலைக்காட்சிக் கோபுரத்தில் ஏறி அளந்தவர்களுக்கும் பிசகு கிடைத்தது. சுற்றிலும் தரையின் ஏற்ற இறக்கத்தைச் சரியாக மாதிரியெடுக்காததால் வந்த மாயம் அது என்று பிறகு தெரிந்தது. ஹில்டன் சுரங்கத்துக்கும் அதே கதிதான். ஈர்ப்பு அளவீடுகளை எடுக்க ஆட்கள் வண்டி போகிற பாதைகளையும் ஏறத்தக்க மேடுகளையும் நாடியிருப்பார்கள். சரிவுகளும் பள்ளங்களும் கணக்கில் குறைவாக விழுந்திருக்கும். கடைசியில் மார்க் ஸம்பர்க் குழு 1991-இல் பசிபிக் கடலில் 5,000 மீட்டர் ஆழம் வரை அளந்த முடிவை வெளியிட்டது. கடல்நீரின் அடர்த்தி பாறையைப்போல ஏமாற்றாது. வந்த மாறிலி ஆய்வக மதிப்போடு ஒத்துப்போயிற்று. ஐந்தாவது விசை அத்துடன் அடங்கியது. நியூட்டனை அசைக்கப் போனவர்கள் திரும்பி வந்தபோது கையில் இருந்தது, நிலத்தின் மேடுபள்ளத்தை எப்படிக் கணக்கில் சேர்ப்பது என்ற பாடம்.

எண்ணெய்க் கிணறுகளில் இதே கருவி ஓசையில்லாமல் வேறொரு வேலையைச் செய்துகொண்டிருந்தது. துளைக்குள் இரண்டு ஆழங்களில் ஈர்ப்பை அளந்தால், இடையிலுள்ள பாறையின் அடர்த்தி வந்துவிடும். சாதாரண அடர்த்திமானி துளையின் சுவரிலிருந்து சில அங்குலம் மட்டுமே பார்க்கும். ஈர்ப்புமானியோ பல மீட்டர் தள்ளியும் பார்க்கும். துளைக்குப் போட்ட இரும்புக் குழாயும் அதற்குத் தடையில்லை. பாறையின் நுண்துளைகளில் நிற்பது எரிவாயுவா திரவமா என்பதை இந்தச் சின்ன வித்தியாசத்திலிருந்து பிரித்துச் சொல்ல முடியும்.

துளையும் சுரங்கமும் எட்டுவது ஆரத்தில் ஐந்நூறில் ஒரு பங்கு. அதற்குக் கீழே ஈர்ப்பு எப்படி மாறுகிறது என்று எப்படித் தெரியும்? அடர்த்தி தெரிந்தால் ஈர்ப்பு தெரியும். அடர்த்தியைச் சொல்வது நில அதிர்வு அலைகள். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றி, 1897 அசாம் பூகம்பத்தை ஆராய்ந்த ரிச்சர்ட் ஓல்ட்ஹாம், 1906-இல் பூமிக்குள் வேறு தன்மையுள்ள ஒரு கருவம் இருப்பதை அலைகள் தாமதமாவதிலிருந்து காட்டினார். அதன் மேற்பரப்பு சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் என்று பெனோ குட்டன்பர்க் சில ஆண்டுகளில் கணக்கிட்டார். அந்தக் கருவத்துக்குள் இன்னொரு கருவம் உண்டு என்று டென்மார்க்கின் இங்கே லேமன் 1936-இல் கண்டார். வானியலும் கைகொடுத்தது. பூமியின் நிறை மையத்தை ஒட்டிக் குவிந்திருக்கிறதா, பரவிக் கிடக்கிறதா என்பதைச் சொல்லும் எண் ஒன்று உண்டு. அடர்த்தி ஒரே சீரான உருண்டைக்கு அது 0.4. பூமிக்கு 0.33. கனமெல்லாம் உள்ளே இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். 1981-இல் ஆடம் ஜெவான்ஸ்கியும் டான் ஆண்டர்சனும் இவற்றையெல்லாம் சேர்த்துப் பூமியின் உள்ளமைப்புக்கு ஒரு மாதிரியை வெளியிட்டார்கள். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் எல்லாரும் ஒப்பீட்டுக்கு எடுப்பது அதைத்தான்.

அந்த மாதிரியைப் பிடித்துக்கொண்டு இறங்கலாம். தரையில் ஈர்ப்பு முடுக்கம் 9.82. மேலோட்டையும், அதற்கும் கருவத்துக்கும் இடையிலுள்ள கவசத்தின் மேற்பகுதியையும் தாண்டத் தாண்ட அது மெல்ல ஏறி, 670 கிலோமீட்டர் ஆழத்தில் 10.01 ஆகிறது. அங்கே பாறையின் கனிமங்கள் அழுத்தத்தில் நெருங்கி அடர்த்தி எகிறுகிறது. மூன்றில் இரண்டு பங்கு எல்லையை அது எட்டிவிடுவதால் ஈர்ப்பு லேசாகச் சரிந்து 9.93 வரை இறங்குகிறது. பிறகு மறுபடி ஏறுகிறது. ஆக, கவசத்தின் பெரும்பகுதியிலும் ஈர்ப்பு 10-ஐ ஒட்டியே நிற்கிறது. கணக்கு சுலபமாக வரட்டும் என்று 9.8-ஐ விட்டு 10 என்று போட்டுக்கொள்ளும் மாணவர், தரையைவிட ஆயிரம் கிலோமீட்டர் ஆழத்துக்கு இன்னும் சரியான விடை எழுதுகிறார்.

உச்சம் கருவத்தின் வாசலில், 2,891 கிலோமீட்டர் ஆழத்தில். அங்கே ஈர்ப்பு 10.68. இதைச் சரிபார்க்கப் பெரிய கணிதம் தேவையில்லை. கருவத்தின் நிறை பூமியின் நிறையில் 32.5 விழுக்காடு. அதன் ஆரம் பூமியின் ஆரத்தில் 0.546 பங்கு, அதை வர்க்கம் ஆக்கினால் 0.298. நிறையை அதனால் வகுத்தால் 1.09. அதாவது தரையில் உள்ளதைவிட ஒன்பது விழுக்காடு அதிகம். மூன்றில் இரண்டு பங்குப் பொருளைத் தலைக்கு மேலே விட்டுவிட்டு வந்த பிறகும் எடை கூடியிருக்கிறது, ஏனென்றால் மிச்சமிருக்கும் மூன்றில் ஒரு பங்கு அவ்வளவு இறுக்கமான இரும்பு. பாடநூல் சமன்பாடு இந்த ஆழத்துக்குத் தரும் விடை 5.4. பாதி!

கருவத்துக்குள் நுழைந்ததும் ஆட்டம் மாறுகிறது. உருகிய இரும்பின் அடர்த்தி வாசலிலேயே 9.9. கருவத்தின் சராசரி 11. அதில் மூன்றில் இரண்டு பங்கு 7.3. செலவு வரவை மிஞ்சிவிட்டது. இங்கிருந்து ஈர்ப்பு ஏறக்குறைய நேர்கோடாகவே குறைந்து, 5,150 கிலோமீட்டர் ஆழத்தில் உட்கருவத்தின் மேற்பரப்பில் 4.4 ஆகி, மையத்தில் பூஜ்யத்தைத் தொடுகிறது. பாடநூல் வரையும் நேர்கோட்டைப் பூமியின் கடைசிப் பாதி வழியில்தான் பார்க்க முடிகிறது.

பூமியைக் குறுக்கே துளைத்து ஒரு கல்லைப் போட்டால் மறுபுறம் வர எத்தனை நேரம் ஆகும் என்பது பழைய கல்லூரிக் கணக்கு. ஒரே அடர்த்தி என்று கொண்டால் 42 நிமிடம் 12 வினாடி. தலைமுறை தலைமுறையாக இதுவே விடை. 2015-இல் கனடாவில் ஆய்வு மாணவராக இருந்த அலெக்சாண்டர் க்ளோட்ஸ் நிஜ அடர்த்தியை வைத்துக் கணக்கிட்டார். வந்தது 38 நிமிடம் 11 வினாடி. அதைவிட வேடிக்கை, மையம் வரை ஈர்ப்பு மாறவே மாறாது என்று ஒப்புக்குப் போட்டுக்கொண்டு கணக்கிட்டாலும் 38 நிமிடம்தான் வருகிறது. கல் தன் வேகத்தின் பெரும்பகுதியைக் கவசத்திலேயே சேர்த்துக்கொள்வதால், கருவத்துக்குள் ஈர்ப்பு குறைவது நேரத்தை அதிகம் பாதிப்பதில்லை. மையத்தைக் கடக்கும்போது அதன் வேகம் வினாடிக்கு 10 கிலோமீட்டரை நெருங்கியிருக்கும்.

பாடநூல் சமன்பாட்டுக்கு ஏற்ற இடம் நிலா. அங்கே கருவம் மிகச் சிறியது. நிறைக் குவிப்பைச் சொல்லும் எண் 0.393, சீரான உருண்டையின் 0.4-க்கு மிக அருகில். நிலாவின் சராசரி அடர்த்தி 3.34, மூன்றில் இரண்டு பங்கு 2.2. அதன் மேலோடே 2.5-ஐத் தாண்டுகிறது. ஆகவே நிலாவின் பாறைக்குள் சுரங்கம் வெட்டி இறங்குகிறவருக்கு எடை குறையும். நம் பாடநூல்கள் அந்தச் சமன்பாட்டை எடுத்துவிட வேண்டியதில்லை. இது சீரான உருண்டைக்கு, பூமி அப்படிப்பட்டதல்ல என்று ஒரு வரியும், நிஜ வளைவின் படமும் சேர்த்தால் போதும். அரைப் பக்கம் பிடிக்காது.

மையத்தில் ஈர்ப்பு பூஜ்யம் என்றதும், அங்கே அழுத்தமும் இருக்காது என்று நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அழுத்தம் அந்த இடத்து ஈர்ப்பால் வருவதல்ல, மேலே அடுக்கிய அத்தனை ஓடுகளும் வழியெல்லாம் தங்கள் எடையைக் கீழே இறக்கிவைத்துக்கொண்டே வருவதால் வருவது. மையத்தில் அது வளிமண்டல அழுத்தத்தைப்போல் 36 லட்சம் மடங்கு. உட்கருவம் ஐயாயிரம் டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்திலும் உருகாமல் திடமாக இருப்பது இந்த அழுத்தத்தால்தான்.

ஈர்ப்பு பூஜ்யமான அந்த இடம் ஈர்ப்புக் குழியின் அடிமட்டமும்கூட. மையத்திலிருந்து மேலே வரும் எந்தப் பொருளும் வழி நெடுக ஏறியாக வேண்டும். ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல்படி, குழியின் ஆழத்தில் காலம் மெதுவாக ஓடும். அங்கே உள்ள ஈர்ப்பு விசை எவ்வளவு என்பது இதில் பொருட்டில்லை. அப்படியானால் பூமியின் மையம் அதன் மேற்பரப்பைவிட வயதில் இளையது. எவ்வளவு? 1960-களில் ரிச்சர்ட் ஃபைன்மன் தன் வகுப்புகளில் ஒன்றிரண்டு நாள் என்று சொன்னதாக அச்சில் ஏறி, அப்படியே பலர் எடுத்தாண்டும் வந்தார்கள். 2016-இல் டென்மார்க்கைச் சேர்ந்த உல்ரிக் உக்கர்ஹாயும் இரண்டு தோழர்களும் உட்கார்ந்து கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். சீரான அடர்த்தியுள்ள பூமிக்கு வித்தியாசம் ஒன்றரை ஆண்டு. ஜெவான்ஸ்கி, ஆண்டர்சன் மாதிரியைப் போட்டால் இரண்டரை ஆண்டு. ஃபைன்மன் ஆண்டு என்று சொன்னதைக் குறிப்பெடுத்தவர் நாள் என்று எழுதினாரா, ஃபைன்மனே தவறினாரா என்பது தெரியாது. அரை நூற்றாண்டில் அதைச் சரிபார்க்க யாருக்கும் தோன்றவில்லை.